அறுபதுக்கு மேல் ஆண்களின் உடல் வலு: எடைப் பயிற்சி, சாப்பாடு, ஹார்மோன் ஊசி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவன் அல்லன். அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய மாணவர்களுக்கு இன்றும் 'பி.டி. சார்'. வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வாரம் மூன்று நாள் காலையில் அறுபதைத் தாண்டிய ஆண்கள் பன்னிரண்டு பேர் எடைப் பயிற்சி செய்கிறார்கள். பஸ் கண்டக்டராக இருந்தவர், குடியாத்தத்தில் தறி நெய்தவர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் நின்றபடியே முப்பது வருடம் வேலை செய்தவர், பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் என்று பலவிதம். அவர்களும், கோட்டை அகழியோரம் நடக்கும்போது என்னை நிறுத்திப் பேசுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவரிடம் பேசி எடுக்க வேண்டிய முடிவு. அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இந்தப் பதில்கள் உதவும்.

"வயதானால் உடம்பு தளர்வது இயற்கைதானே சார், இதற்கு எதற்குப் பயிற்சி?"

தளர்வது இயற்கை. எவ்வளவு வேகமாகத் தளர்வது என்பதில் நமக்கும் பங்கு இருக்கிறது. முப்பது வயதுக்குப் பிறகு பத்து ஆண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. அறுபதுக்கு மேல் அந்த வேகம் கூடுகிறது. தசை குறைவதைவிட வலு குறைவது இன்னும் வேகமாக நடக்கிறது. 1989-இல் இதற்கு 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார்கள். நம் ஊரில் இதைத்தான் 'கால் விழுந்துவிட்டது' என்கிறோம்.

என் அப்பாவுக்கு எழுபத்தொரு வயதில் நோய் எதுவும் இல்லை. ஒரு நாள் கழிவறையில் குந்தியவரால் எழ முடியவில்லை. சத்தம் போட வெட்கப்பட்டு அரை மணி நேரம் உள்ளேயே இருந்துவிட்டார். கதவை உடைத்து உள்ளே போனபோது, தாழ்ப்பாள் கழன்று அவர் கையில் இருந்தது. அதைப் பிடித்து எழப் பார்த்திருக்கிறார். பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து மாதச் சம்பளம் வாங்கிய எனக்கு, வீட்டில் இருந்த அவருடைய தொடைகளைப் பற்றி அதுவரை ஒரு நினைப்பும் வரவில்லை. இந்த மாடிப் பயிற்சி அதிலிருந்துதான் தொடங்கியது.

"தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். அது போதாதா?"

இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனசுக்கும் நல்லது, விடாதீர்கள். ஆனால் நடை தசையை வளர்க்காது. உங்கள் கால் ஏற்கெனவே சுமந்து பழகிய அதே உடம்பைத்தான் தினமும் சுமக்கிறது. பழகிய பாரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால்தான் தசை வளரும்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னதும் இதுவே. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வேக நடை போன்ற உழைப்பு. அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. 65 வயதுக்கு மேல் வாரம் மூன்று நாளாவது நிலைதடுமாறாமல் இருப்பதற்கான பயிற்சி. நம்மில் பெரும்பாலோர் முதலாவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

"எனக்கு வலு குறைந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?"

முடியும். கைப்பிடி இல்லாத, சுமார் 43 சென்டிமீட்டர் உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இரண்டு கையையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். ஆண்களுக்கு 60–64 வயதில் 14, 65 முதல் 74 வரை 12, 75–79 வயதில் 11, 80–84 வயதில் 10. இதற்குக் கீழே போனால் கால் வலு சராசரிக்குக் குறைவு. விழும் ஆபத்து கூடுதல்.

இன்னொன்று, தையல்காரர் டேப்பால் கெண்டைக்காலின் பருத்த இடத்தை அளப்பது. ஆசிய மருத்துவர் குழு 2019-இல் ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கவனிக்க வேண்டும் என்று வகுத்தது. டேப் இல்லையென்றால் இரண்டு கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வளையம் செய்து கெண்டைக்காலில் மாட்டிப் பாருங்கள். வளையம் தளர்ந்து இடைவெளி தெரிந்தால் தசை வற்றியிருக்க வாய்ப்பு உண்டு. தொந்தி பெருத்தவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எடை இயந்திரம் எண்பது கிலோ காட்டும். கால் மட்டும் குச்சியாக இருக்கும்.

"இந்த வயதில் ஜிம்முக்குப் போக வெட்கமாக இருக்கிறது. வீட்டில் என்ன செய்யலாம்?"

எங்கள் மாடியில் இயந்திரம் ஒன்றுகூடக் கிடையாது. உடம்பு செய்கிற வேலை நான்கைந்துதான்: எழுவது, தள்ளுவது, இழுப்பது, சுமப்பது, ஏறுவது. அவற்றையே பயிற்சியாக்குகிறோம்.

எழுவதற்கு, மேலே சொன்ன நாற்காலி. சுவரோடு ஒட்டாத பிளாஸ்டிக் நாற்காலி மாடித் தரையில் வழுக்கும். தறிக்காரர் அப்படி ஒருமுறை விழப்போனார். தள்ளுவதற்கு, சுவரில் கைவைத்துத் தண்டால். பழகிய பிறகு கைப்பிடிச் சுவரில், அதற்கும் பிறகு மாடிப்படியில். இழுப்பதற்குப் பழைய சைக்கிள் ட்யூப். ஜன்னல் கம்பியில் சுற்றி இரண்டு முனையையும் பிடித்து, முழங்கைகள் விலாவை உரசிப் பின்னால் போகும்படி இழுக்க வேண்டும். ட்யூபில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்த்துவிடுங்கள். அறுந்தால் முகத்தில் அடிக்கும்.

சுமப்பதற்கு ஐந்து லிட்டர் எண்ணெய் கேன்கள் இரண்டு. தண்ணீர் நிரப்பினால் கைக்கு ஐந்து கிலோ, மணல் நிரப்பினால் அதைவிட அதிகம். முதுகு நிமிர்ந்து மாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கிறோம். கண்டக்டர் முதல் வாரம் கேனைப் பாதி வழியிலேயே கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவது மாதம் காட்பாடி ஸ்டேஷனில் மகளின் பெட்டியைத் தானே தூக்கிப் படியேறியதாகச் சொன்னார். ஏறுவதற்கு மாடிப்படியின் முதல் படி. கடைசியில் சுவரைத் தொட்டுக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது.

"எவ்வளவு எடை, எத்தனை முறை என்று கணக்கு உண்டா?"

கணக்கைவிடக் களைப்பைக் கவனியுங்கள். பத்து முறை செய்தால் கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். ஆனால் உடம்பு கோணக் கூடாது. இருபது முறை சிரமமில்லாமல் செய்ய முடிந்தால் அது மிக லேசான எடை. ஒவ்வொரு பயிற்சியும் 8 முதல் 12 முறை, கொஞ்சம் ஓய்வெடுத்து இரண்டு அல்லது மூன்று சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்கள். தசை வளர்வது ஓய்வு நாளில்.

முதல் இரண்டு வாரம் உடம்பு வலிக்கும். மறுநாள் தொடையில் வருகிற மந்தமான வலி இயல்பு. மூட்டில் சுருக்கென்று குத்தும் வலி, நெஞ்சில் பாரம், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்துங்கள்.

"நான் பட்டாளத்துக்காரன். பழைய மாதிரி பஸ்கியும் தண்டாலும் எடுத்தால் போதாதா?"

இந்தக் கேள்வி இங்கே அதிகம். கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள். மாவட்டம் முழுவதும் இப்படிப் பல ஊர்கள். பஸ்கி, தண்டால், கரலாக்கட்டை எல்லாமே அருமையான பயிற்சிகள். சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. இருபது வருடம் விட்டுவிட்டு, மனதில் இருக்கும் பழைய நூறு பஸ்கியை முதல் நாளே எடுக்கிறார்கள். மறுநாள் படி இறங்க முடியாமல் அதோடு விட்டுவிடுகிறார்கள். நாற்காலியில் தொடங்குங்கள். இழுக்கும் பயிற்சியும் சேர்த்துக்கொள்ளுங்கள். பஸ்கி, தண்டால் இரண்டிலும் முதுகுக்கு வேலை குறைவு.

"எனக்கு 82 வயது. இனிமேல் செய்து என்ன ஆகப்போகிறது?"

1990-இல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரி வயது தொண்ணூறு உள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்குக் கடினமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. அவர்களுக்குப் பக்கத்திலேயே ஆள் நின்று பார்த்துக்கொண்டார்கள். உங்கள் பக்கத்திலும் முதல் மாதம் யாராவது நிற்கட்டும்.

"முட்டி தேய்ந்துவிட்டது என்று எக்ஸ்ரேயில் சொல்லிவிட்டார்கள். இன்னும் தேயாதா?"

தொடைத் தசை வலுப்பட்டால் முட்டியின் சுமை குறையும். முட்டித் தேய்மானத்துக்கு மருத்துவர்கள் முதலில் சொல்லும் வைத்தியமே பயிற்சிதான். நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டி, வலி தாங்கக்கூடிய அளவில் எழுந்து உட்காருங்கள். பயிற்சியால் கூடிய வலி மறுநாளைக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம். முட்டி வீங்கினாலோ பூட்டிக்கொண்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

"பி.பி. இருக்கிறது, ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், சர்க்கரைக்கும் மாத்திரை. எனக்குப் பாரம் தூக்க அனுமதி உண்டா?"

பெரும்பாலும் உண்டு, அனுமதி கொடுக்க வேண்டியவர் உங்கள் இதய மருத்துவர். ஸ்டென்ட் வைத்து எத்தனை வாரம் கழித்துத் தொடங்கலாம் என்று அவரைக் கேளுங்கள். ரத்த அழுத்தம் 180/110-ஐத் தாண்டி நிற்கும் நாளில் பயிற்சி வேண்டாம். பாரத்தைத் தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். அடக்கினால் அழுத்தம் சட்டென்று எகிறும். நாங்கள் தூக்கும்போது வாய்விட்டு எண்ணுகிறோம். எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது. பி.பி. மாத்திரையோ சிறுநீர்ப் பிரச்சினைக்கு டாம்சுலோசினோ சாப்பிடுகிறவர்கள் தரையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுங்கள்.

இன்சுலின், கிளிமிபிரைடு போன்றவை எடுப்பவர்களுக்குப் பயிற்சியில் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். வெறும் வயிற்றில் வராதீர்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக் கசிவு உள்ளவர்கள் கண் மருத்துவரைக் கேட்காமல் கனமான எடையைத் தொடக் கூடாது. இன்னும் ஒன்று: மே மாதத்தில் நம் ஊர் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டுகிறது. ஆறரை மணிக்குள் முடித்துவிடுங்கள்.

"களி சாப்பிட்டு வளர்ந்த உடம்பு இது. இதற்குமேல் என்ன சத்து வேண்டும்?"

கேழ்வரகை நானும் விடவில்லை. நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, எலும்புக்கு நல்லது. ஆனால் புரதம் ஏழு கிராம் அளவுதான். எழுபது வயதில் தசைக்கு இளைஞனைவிடக் கூடுதலாகவே புரதம் வேண்டும். வயதுவந்தோருக்குப் பொதுவாக ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் என்று நம் நாட்டு ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. முதியோருக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பது முதுமை மருத்துவ வல்லுநர்கள் கருத்து. அறுபது கிலோ ஆளுக்கு நாளைக்கு 60 முதல் 72 கிராம்.

இப்போது ஒரு நாள் சாப்பாட்டைக் கூட்டிப் பாருங்கள். காலையில் நான்கு இட்லி, ஒன்றுக்கு இரண்டு கிராம் வீதம் எட்டு. மதியம் சோறு, சாம்பார், தயிர் எல்லாம் சேர்ந்து பதினெட்டு, இருபது. இரவு மூன்று தோசையில் எட்டு, ஒன்பது. டீ, சாம்பார் என்று என்ன சேர்த்தாலும் நாற்பதைத் தாண்டுவது அரிது. வயிறு நிறைகிறது, தசை பட்டினி கிடக்கிறது.

குறைவை நிரப்பச் செலவு அதிகம் இல்லை. இரண்டு முட்டை 12 கிராம். ஒரு கை நிறையப் பொட்டுக்கடலை, ஐம்பது கிராம், பத்து. அரை லிட்டர் பால் அல்லது தயிர் பதினாறு. நூறு கிராம் கோழியோ மீனோ இருபது. வேளைக்கு 25 கிராம் என்று பிரித்துக்கொண்டால் தசை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும். காலை வேளைதான் நம் வீடுகளில் வறண்டு கிடக்கிறது. முட்டையை அங்கே வையுங்கள். களிக்குக் கருவாட்டுக் குழம்பு நல்ல ஜோடிதான், பி.பி. உள்ளவர்கள் உப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டால் சீரகச் சம்பாவை ஒரு கரண்டி குறைத்துக் கறியை முழுதாகச் சாப்பிடுங்கள்.

"நாங்கள் சைவம். புரட்டாசியில் மற்றவர்கள்கூடக் கறி தொடுவதில்லை. அப்போது?"

கொள்ளு, கொண்டைக்கடலை, மொச்சை, காராமணி. எதுவானாலும் ஐம்பது கிராம் ஊறவைத்துச் சுண்டலாக்கினால் பத்து கிராம் புரதம். சோயா உருண்டை முப்பது கிராமில் பதினைந்து. அரிசியும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும். பாலும் தயிரும் கூடச் சேர்ந்தால் சைவ உணவிலேயே கணக்கு நிறைந்துவிடும். பல் இல்லாதவர்கள் சுண்டலை மசித்தோ பருப்பு அடையாகவோ சாப்பிடுங்கள். பல வீடுகளில் பெரியவர் கடலையையும் கறியையும் ஒதுக்குவதற்குக் காரணம் பல்தான். கேட்டால் 'பிடிக்கவில்லை' என்பார்.

ரமலானில் எங்களோடு வரும் மேல்விஷாரம் நண்பர் பயிற்சியை நோன்பு திறந்த பிறகு வைத்துக்கொள்கிறார். விடியலுக்கு முந்தைய சஹர் உணவில் முட்டையும் தயிரும் சாப்பிடுகிறார்.

"புரோட்டீன் பவுடர் குடித்தால் கிட்னி போய்விடும் என்கிறார்களே?"

சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு மேலே சொன்ன அளவு புரதத்தால் கெடுதல் இல்லை. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களின் கணக்கு வேறு. பலருக்கு மருத்துவர் புரதத்தைக் குறைக்கச் சொல்வார். சர்க்கரையும் பி.பி.யும் பத்து வருடமாக இருந்தால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தக் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்துவிட்டு அப்புறம் புரதத்தைக் கூட்டுங்கள். பவுடர் என்பது பாலிலிருந்து பிரித்த உணவு. சாப்பிட முடியாதவருக்கு உதவும், முட்டை சாப்பிடுகிறவருக்கு அவசியமில்லை.

எடைப் பயிற்சி செய்பவர்கள் சாப்பிடும் கிரியாட்டின் பொடி புரோட்டீன் பவுடர் அல்ல, வேறு பொருள். நாளைக்கு 3 முதல் 5 கிராம், பயிற்சியோடு சேர்ந்தால் கொஞ்சம் பயன் உண்டு. அதைச் சாப்பிடும்போது ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு சற்றே கூடித் தெரியும். பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

"எதிலும் உற்சாகம் இல்லை. ஆண் ஹார்மோன் குறைந்துவிட்டது என்று சொந்தக்காரர் சொல்கிறார். ஊசி போட்டுக்கொள்ளட்டுமா?"

பொறுங்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற அந்த ஹார்மோன் நடுவயதிலிருந்து ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவீதம் குறைவது உண்மை. ஆனால் உற்சாகக் குறைவுக்குக் காரணங்கள் பல: தூக்கமின்மை, மனச்சோர்வு, ரத்தசோகை, தைராய்டு, கட்டுப்படாத சர்க்கரை, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல ஆண்டு சாப்பிட்டதால் வைட்டமின் பி12 குறைவது. மனைவி இறந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒருவர் இதே கேள்வியோடு வந்தார். அவருக்குத் தேவைப்பட்டது பேச ஆள்.

ஹார்மோன் குறைவை நேரடியாகச் சுட்டும் அறிகுறிகள் வேறு: பாலுறவு ஆசை குறைதல், காலையில் தானாக வரும் விறைப்பு நின்றுபோதல், விறைப்புக் குறைவு, தாடி, மறைவிட முடி உதிர்தல், காரணமில்லாமல் எலும்பு முறிதல். இவற்றை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 'களைப்பாக இருக்கிறது' என்று மட்டும் சொன்னால் அவர் வேறு திசையில் தேடுவார்.

"என்ன பரிசோதனை செய்ய வேண்டும்? எந்த நேரத்தில்?"

மொத்த டெஸ்டோஸ்டிரோன். காலை பத்து மணிக்கு முன், வெறும் வயிற்றில். மாலையில் எடுத்தால் அளவு தாழ்ந்து தெரியும். ஒருமுறை குறைவாக வந்தால் வேறொரு நாள் காலையில் மீண்டும் பார்க்க வேண்டும். காய்ச்சலோ பெரிய நோயோ இருக்கும் நேரத்தில் பார்க்காதீர்கள்; அப்போது எல்லோருக்கும் குறையும்.

இரண்டு முறையும் குறைவு என்றால் எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச்., புரோலாக்டின் என்ற வேறு மூன்று ஹார்மோன்களைப் பார்ப்பார்கள். கோளாறு விரையில் இருக்கிறதா, மூளையடியிலுள்ள பிட்யூட்டரியில் இருக்கிறதா என்று இவை சொல்லும். பருமனானவர்களுக்கு மொத்த அளவு மட்டும் குறைந்து காட்டக்கூடும். ரத்தத்திலுள்ள புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் 'கட்டுறாத' டெஸ்டோஸ்டிரோன் அளவையும் கேட்பார்கள். ஒரே ஒரு மாலைநேரச் சீட்டை வைத்து ஊசி எழுதித்தருபவரிடம் மறுமுறை போகாதீர்கள்.

"எனக்கு 280 வந்திருக்கிறது. இது குறைவா, இல்லையா?"

எல்லைக்கோட்டில் இருக்கிறது. அமெரிக்கச் சிறுநீரியல் (யூராலஜி) சங்கம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 300 நானோகிராமுக்குக் கீழே குறைவு என்கிறது. அங்கேயே நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் சங்கம் 2018-இல் 264-ஐக் கீழெல்லையாகக் காட்டியது. எண் மட்டும் தீர்ப்பாகாது என்பது இதிலிருந்தே தெரியும். மேலே சொன்ன அறிகுறிகளும், இரண்டு காலைப் பரிசோதனையும் சேர்ந்தால்தான் அது நோய்.

உங்களுக்குத் தொந்தி, சர்க்கரை, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கம், தினக் குடி, ஸ்டீராய்டு மாத்திரை, டிரமடால் போன்ற வலி மாத்திரை இவற்றில் ஏதாவது இருந்தால் அதுவே அளவைத் தாழ்த்தும். எடை குறைந்தால் பலருக்கு ஹார்மோன் தானாக ஏறுகிறது. அதனால்தான் மூன்று மாதம் பயிற்சியும் சாப்பாடும் பார்த்துவிட்டு மறுபடி அளக்கலாமா என்று மருத்துவரைக் கேட்கச் சொல்கிறேன். பிட்யூட்டரிக் கட்டியோ விரைக் கோளாறோ இருப்பவர்கள் அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு ஹார்மோன் மருந்து அவசியமானது, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

"ஊசி போட்டால் பழைய பலம் திரும்பிவிடுமா?"

இதற்கு நல்ல விடை 2016-இல் வெளியானது. அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட, அளவு 275-க்குக் கீழே இருந்த 790 ஆண்களுக்கு ஒரு வருடம் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் அல்லது மருந்தில்லாத வெற்று ஜெல் கொடுத்துப் பார்த்தார்கள். பாலுறவு ஆசையும் செயலும் ஓரளவு மேம்பட்டன. மனநிலை கொஞ்சம் தெளிந்தது. சுறுசுறுப்பில் எதிர்பார்த்த பலன் இல்லை; நடக்கும் தூரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. ரத்தசோகை குறைந்தது. தசை கொஞ்சம் கூடும் என்றாலும், நாற்காலியிலிருந்து எழும் வலுவை ஊசி மட்டும் கொண்டுவராது.

வெளியிலிருந்து ஹார்மோன் ஏறும்போது உடம்பு தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். விரை சுருங்கும், விந்தணு குறையும். மறுமணம் செய்து குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல மாதம் போட்டுவிட்டு நிறுத்தினால் சொந்த உற்பத்தி திரும்பும்வரை மிகவும் சோர்வாக இருக்கும். நிறுத்துவதையும் மருத்துவர் பார்வையில் செய்யுங்கள்.

"ஒருவர் மாரடைப்பு வரும் என்கிறார், இன்னொருவர் வராது என்கிறார். எதை நம்புவது?"

2023-இல் வெளியான பெரிய ஆய்வில், இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள 45 முதல் 80 வயதுவரையான சுமார் 5,200 ஆண்கள் இருந்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் சேர்த்து டெஸ்டோஸ்டிரோன் பூசியவர்களில் 7.0 சதவீதம், வெற்று ஜெல் பூசியவர்களில் 7.3 சதவீதம், அதாவது கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்பு தாறுமாறாவது, நுரையீரலில் ரத்தக்கட்டு, திடீர் சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை கூடுதலாக இருந்தன. அதே ஆய்வில் எலும்பு முறிவும் சற்று அதிகம் என்று 2024-இல் சொன்னார்கள். இவர்கள் எல்லோரும் முறையாகப் பரிசோதித்துச் சேர்க்கப்பட்டு, கண்காணிப்பில் இருந்தவர்கள். கண்காணிப்பு இல்லாமல் போட்டுக்கொள்பவருக்கு இந்த முடிவு பொருந்தாது.

கண்காணிப்பு என்றால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஹார்மோன் அளவு, பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை), ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), பிறகும் தொடர்ந்து. ஹீமட்டோக்ரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் கெட்டிப்பட்டுவிட்டது, மருந்தை நிறுத்த வேண்டும். புராஸ்டேட் புற்று, ஆண் மார்புப் புற்று, பி.எஸ்.ஏ. 4-க்கு மேல், ஆறு மாதத்துக்குள் மாரடைப்பு அல்லது பக்கவாதம், கட்டுப்படாத இதயச் செயலிழப்பு, சிகிச்சை செய்யாத தூக்க மூச்சுத்திணறல், சிறுநீர் கழிக்கக் கடும் சிரமம்: இவற்றில் எது இருந்தாலும் தொடங்கக் கூடாது.

"லாட்ஜில் மாதம் ஒருமுறை வைத்தியர் வருகிறார். லேகியம் தருகிறார். பக்கவிளைவு இல்லையாமே?"

இதற்குக் கோபம் இல்லாமல் பதில் எழுத என்னால் முடியவில்லை. பெயர் ஒட்டாத டப்பாவில் என்ன இருக்கிறது என்று கொடுப்பவரைத் தவிர யாருக்கும் தெரியாது. இத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டும் விறைப்பு மாத்திரையும் அரைத்துக் கலந்திருப்பது பரிசோதனைகளில் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. எங்கள் மாடிக்கு வந்த ஒருவர் ஓய்வூதியத்திலிருந்து மாதம் நாலாயிரம் என்று எட்டு மாதம் கொடுத்திருந்தார். முகம் ஊதி, சர்க்கரை நானூறுக்குப் போன பிறகுதான் மகனிடம் சொன்னார். அவரை அங்கே கொண்டுபோய் விட்டது வெட்கம். டாக்டரிடம் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஜிம்மில் இளைஞர்கள் கைமாற்றிக்கொள்ளும் ஊசிக்கும் இதே பதில்தான்.

"அந்த மாத்திரை போடலாமா சார்? பெயர் சொல்ல வேண்டாம், உங்களுக்குப் புரியும்."

பெயரைச் சொல்லியே கேட்கலாம்: சில்டெனாஃபில், டடாலாஃபில். இவை ஹார்மோன் இல்லை; ரத்தக் குழாயை விரிக்கும் மருந்துகள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் இவற்றைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கு ஆபத்து. இதைப் போட்ட பிறகு நெஞ்சு வலித்து மருத்துவமனைக்குப் போனால், மனைவி பக்கத்தில் இருந்தாலும், மாத்திரை போட்டதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

விறைப்புக் குறைவு இதயக் குழாய் அடைப்பின் முன்னறிவிப்பாகச் சில ஆண்டுகள் முன்னதாகவே வரலாம். அதனால் அந்தக் கேள்வியோடு போகிறவருக்கு மருத்துவர் ஈ.சி.ஜி.யும் சர்க்கரையும் கொழுப்பும் பார்ப்பார். பேச்சை மாற்றுகிறார் என்று எழுந்து வந்துவிடாதீர்கள்.

"ஜெல் பூசுகிறேன். பேரக்குழந்தையைத் தூக்கலாமா?"

பூசிய இடம் குழந்தையின் தோலில் படக் கூடாது. பட்டால் மருந்து அவர்களுக்கும் ஏறும். சின்னக் குழந்தைகளுக்கு வயதுக்கு முன்பே பருவ மாற்றங்கள் வந்திருக்கின்றன. பூசியதும் சோப்புப் போட்டுக் கை கழுவி, காய்ந்த பிறகு சட்டை போடுங்கள். வீட்டில் வெற்றுடம்போடு இருக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் இதே எச்சரிக்கை.

"எனக்குப் புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள். எல்லோருக்கும் ஏற்றுவதை எனக்கு ஏன் இறக்குகிறார்கள்?"

பெயர் ஒன்று, வேலை நேரெதிர். புராஸ்டேட் புற்று டெஸ்டோஸ்டிரோனைத் தின்று வளர்கிறது. அதை நிறுத்தினால் புற்று சுருங்கும் என்று 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் காட்டினார். அதற்காக 1966-இல் நோபல் பரிசு பெற்றார். உங்களுக்குப் போடுவது அந்த வகை. 'ஹார்மோன் ஊசி தசைக்கு நல்லது' என்று யாராவது சொன்னதைக் கேட்டு வேறு ஊசி எதையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

இந்தச் சிகிச்சையில் தசை கரையும், கொழுப்பு சேரும், எலும்பு மெலியும், உடம்பில் அனல் அடிக்கும். அதனால் எங்களில் யாரைவிடவும் எடைப் பயிற்சி உங்களுக்கு அதிகம் தேவை. எலும்பு அடர்த்தி ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி பற்றிக் கேளுங்கள். புற்று எலும்புக்குப் பரவியிருக்கிறதா, எந்த எலும்பு என்று தெரிந்துகொண்டு வந்தால்தான் எதைத் தூக்கலாம் என்று முடிவு செய்ய முடியும். முதுகெலும்பில் இருந்தால் குனிந்து தூக்குவதும் பாரத்தோடு திரும்புவதும் கூடாது. எங்களோடு வரும் ஒருவர் மருத்துவரிடம் எழுதி வாங்கிவந்த சீட்டைப் பர்ஸில் மடித்து வைத்திருக்கிறார்: குனிந்து தூக்கக் கூடாது, நாற்காலியில் எழுந்து உட்காரலாம், ட்யூப் இழுக்கலாம், நடக்கலாம். அதன்படிதான் செய்கிறார். அரை நிமிடத்தில் ஆறு முறை எழுந்தவர், ஐந்தாவது மாதமான இப்போது பதினொரு முறை எழுகிறார்.